சிக்னல் இல்லாத ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பர்மிங்ஹாமில் இருக்கிறேன். எங்கள் மகளுக்கு நாலரை வயது. கணவருக்கு ஷிப்ட் வேலை என்பதால் பாதி நாள் வீட்டில் அவளும் நானும் மட்டும்தான். டிவி போடாமல் சமையல் நடப்பதில்லை. எவ்வளவு நேரம் பார்க்க விடலாம் என்று எங்களுக்குள் தினமும் சண்டை.

பக்கத்து வீட்டு அம்மா, தான் சின்ன வயதில் பார்த்தது என்று 'பிப்கின்ஸ்' நிகழ்ச்சியின் டிவிடி ஒன்றைக் கொடுத்தார். அதில் ஹார்ட்லி ஹேர் என்று ஒரு முயல் பொம்மை வருகிறது. பூச்சி அரித்த மாதிரி ரோமம், பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். எப்போதும் பொறாமை, தற்பெருமை, சிணுங்கல். என் மகளுக்கோ அதைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. இப்படிக் கெட்ட குணமுள்ள பொம்மையைக் குழந்தைகள் பார்க்கலாமா? அதில் வரும் பன்றி பர்மிங்ஹாம் கொச்சையில் பேசுகிறது. இவளும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டாள்.

என் அப்பா போன ஆடியில் மதுரையில் தவறிவிட்டார். நான் மட்டும் போய் வந்தேன். தினமும் வீடியோ காலில் பேத்தியோடு பேசியவர். "தாத்தாவுக்குப் போன் போடு" என்று இவள் இன்னும் கேட்கிறாள். தாத்தா தூரமாக ஓர் ஊருக்குப் போயிருக்கிறார், அங்கே சிக்னல் இல்லை என்று சமாளித்து வருகிறோம். கவனத்தைத் திருப்பவும் டிவி தேவைப்படுகிறது. நல்ல நிகழ்ச்சிகள் நாலைந்து சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

போன மாதம் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவரின் பேரன், ஐந்து வயது இருக்கும், அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் கடையில் ஐஸ் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போனபோது, "எங்க வீட்ல எதுக்குப் பந்தல் போட்டிருக்காங்க?" என்று என்னிடம் கேட்டான். அவன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனதில் கிடந்து அறுக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

டிவி நேரத்தை நீங்களும் உங்கள் கணவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு நான் எதற்கு? கொச்சைப் பேச்சைப் பற்றிக் கவலையே வேண்டாம். வளர்கிற ஊரின் பேச்சு அவள் வாயில் வருகிறது, வரட்டும். அந்தப் பன்றிக்குப் பர்மிங்ஹாம் பேச்சையும், குரங்கு டோபோவுக்கு லண்டன் காக்னிப் பேச்சையும் கொடுத்ததுதான் அந்த நிகழ்ச்சியின் அழகுகளில் ஒன்று. தன் தெருவில் கேட்கிற குரலையே டிவியிலும் கேட்கிற குழந்தைக்கு, இது நமக்காகப் போடுகிறார்கள் என்று தோன்றும்.

ஹார்ட்லியின் கெட்ட குணத்தையும் குறையாக நினைக்காதீர்கள். நாலரை வயதில் பொறாமை இல்லாத குழந்தை எங்கே இருக்கிறது? அந்த முயலை ஆட்டிக் குரல் கொடுத்தவர் நைஜல் பிளாஸ்கிட். ஹார்ட்லிக்கு எல்லாவற்றிலும் தான்தான் முதலில் நிற்க வேண்டும். அடுத்தவரைப் பாராட்டினால் பொறுக்காது. அதே காலத்தில் வந்த 'ரெயின்போ'வில் ஜிப்பி என்று ஒரு பொம்மை. ஓயாமல் பீற்றிக்கொள்ளும். தாங்க முடியாமல் போனால் அதன் வாயில் இருக்கிற ஜிப்பை இழுத்து மூடிவிடுவார்கள். நல்ல பிள்ளைப் பொம்மைகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. உங்கள் மகள் ஹார்ட்லியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்றால் அவளுக்கு நல்ல கண் இருக்கிறது.

சரி, இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த நிகழ்ச்சியின் கதையைப் பக்கத்து வீட்டு அம்மா உங்களுக்குச் சொன்னாரா? பிரிட்டனில் 1972 வரை பகலில் இவ்வளவு நேரம்தான் ஒளிபரப்பலாம் என்று அரசாங்கக் கட்டுப்பாடு இருந்தது. அது நீங்கியதும் ஐடிவி என்ற தனியார் தொலைக்காட்சி மதிய வேளையில் பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தைகளுக்கு ஓர் இடம் ஒதுக்கியது. அக்டோபரில் 'ரெயின்போ' வந்தது. 1973 ஜனவரியில் ஏடிவி நிறுவனம் தயாரித்த 'இனிகோ பிப்கின்' வந்தது. பிப்கின் ஒரு வயதான பொம்மை செய்கிறவர். அவர் செய்த பொம்மைகள் உயிர் பெற்று அவரோடு பட்டறையில் வாழ்கின்றன. ஹார்ட்லியும் பன்றியும் டோபோவும் அவர் கையால் பிறந்த பிள்ளைகள். பிப்கினாக நடித்தவர் ஜார்ஜ் வுட்பிரிட்ஜ். திகில் படங்களில் விடுதிக்காரராகவும் போலீஸ்காரராகவும் வந்து பழகிய முகம். கனத்த, அன்பான மனிதர். இரண்டாவது வரிசை தயாரிப்பில் இருந்தபோது, 1973 மார்ச் 31 அன்று அவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 66.

நிகழ்ச்சியை எடுத்தவர்களின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நிகழ்ச்சி தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பார்க்கிறவர்களோ மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள். என்ன செய்வீர்கள்? பொம்மைக்குப் பின்னால் கை மாறினால் யாருக்கும் தெரியாது. ஜிப்பிக்கு முதலில் குரல் கொடுத்தவர் பீட்டர் ஹாக்கின்ஸ், பிறகு ராய் ஸ்கெல்டன். பிள்ளைகளுக்கு அது அதே ஜிப்பிதான். ஆனால் இங்கே போனவர் பொம்மை இல்லை. முகம் தெரிந்த மனிதர், அதுவும் பொம்மைகளைப் பெற்றவர். அவர் ஓய்வு பெற்றுக் கடற்கரை ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். வேறொரு கிழவரைக் கொண்டுவந்து அதே பெயர் வைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர்கள் அதைச் செய்யவில்லை. பிப்கின் இறந்துவிட்டார் என்பதையே கதையாக்கிப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பட்டறையை அவருடைய உதவியாளன் ஜானி ஏற்றுக்கொண்டான். அந்த வேடத்தில் நடித்தவர் வெய்ன் லாரியா என்ற கறுப்பின இளைஞர். நிகழ்ச்சியின் பெயரும் 'பிப்கின்ஸ்' ஆனது. செய்தவர் போன பிறகும் அவர் செய்த பொம்மைகள் அவர் பெயரிலேயே 1981 இறுதி வரை வாழ்ந்தன. அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் மிஸ்டர் ஹூப்பர் என்ற கடைக்காரராக நடித்த வில் லீ இறந்தது 1982 டிசம்பரில். அதை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னது 1983 நவம்பரில். உலகம் முழுக்க அதைப் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்பே, பூச்சி அரித்த முயல் ஒன்று இருந்த பட்டறையில் அது நடந்திருக்கிறது.

அந்த அமெரிக்க நிகழ்ச்சியில் ஒரு காட்சி. பிக் பேர்ட் என்ற பெரிய பறவை எல்லோரையும் படம் வரைந்து கொண்டுவருகிறது. ஹூப்பர் வந்ததும் அவர் படத்தைக் கொடுக்க வேண்டும் என்கிறது. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பறவைக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்கிறது. மறுபடி சொல்கிறார்கள். பொம்மையால் மட்டும் முடிகிற காரியம் இது. பிள்ளை கேட்கத் தயங்குகிற கேள்வியை அது வெட்கமில்லாமல் கேட்கும். அதை எழுதியவர்கள் வயதாகிவிட்டது, உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்வதையும் தவிர்த்தார்கள். அடுத்த முறை அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் குழந்தை நடுங்கிப்போகும் என்று யோசித்திருக்கிறார்கள்.

நீங்கள் யோசித்தீர்களா? சிக்னல் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். சிக்னல் போனால் வரும். நாலரை வயதுக் குழந்தைக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே அவள் காத்திருக்கிறாள். தினமும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறாள். நீங்கள் சமாளித்ததாக நினைக்கிற ஒவ்வொரு நாளும், தாத்தாதான் தன்னோடு பேச மாட்டேன் என்கிறார் என்று அவளுக்குப் படுகிறது. நாளைக்கு உங்கள் கணவர் ரயிலில் வரும்போது சிக்னல் போனால் அவள் என்ன நினைப்பாள்? அன்போடுதான் செய்தீர்கள், தெரிகிறது. ஆனால் செய்தது தப்பு. இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பத்தா இறந்தாள். என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது கட்டில் இல்லை. "அப்பத்தா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கு" என்றார்கள். அவளுக்குப் பல் கிடையாது. சாயங்காலமானால் பாக்குரலில் வெற்றிலை பாக்கை இடித்துக் கொடுப்பது என் வேலை. அன்று வருவாள் என்று தினமும் ஒரு பாக்கை உரலில் போட்டு வைப்பேன். காலையில் எடுத்து டப்பாவில் போடுவேன். நாலு மாதம் அப்படி நடந்தது. ஒருநாள் அம்மா அந்த உரலைக் கழுவிப் பக்கத்துத் தெருப் பாட்டியிடம் கொடுத்தாள். "அப்பத்தா வந்தா எதுல இடிக்கிறது?" என்று கேட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நான் உரலில் பாக்குப் போடுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மறு வருஷம் தங்கை பிறக்க அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேனாம். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்திருந்தது.

நீங்கள் உங்கள் அப்பாவுக்காக அழுதீர்களா அம்மா? கடிதத்தில் "தவறிவிட்டார்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தனியாகப் போய், காரியம் முடித்து, தனியாக விமானம் ஏறி, வந்த அன்றே அடுப்படியில் நின்றிருப்பீர்கள். மகள் முன்னால் அழக்கூடாது என்று வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அழுங்கள். தாத்தாவை நினைத்து அம்மா அழுகிறாள் என்று அவள் பார்க்கட்டும்.

சொல்லும்போது சாமிகிட்டே போய்விட்டார், தூங்குகிறார், நட்சத்திரமாகிவிட்டார் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். "தாத்தா செத்துப்போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனிமே பேச முடியாது, வர முடியாது. சிக்னல் இல்லைன்னு சொன்னது தப்பு" என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவள் உடனே விளையாடப் போய்விடலாம். ஒரு வாரம் கழித்து, பல் தேய்க்கும்போது, தாத்தா எப்போது வருவார் என்று கேட்பாள். மறுபடி அதையே சொல்லுங்கள். பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவை.

முயலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போட்டுக் காட்டுங்கள். வேறு நிகழ்ச்சிகளின் பட்டியல் இப்போது வேண்டாம், அந்த ஒரு டிவிடியே போதும். குக்கரை இறக்கிவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ஹார்ட்லியைச் செய்த தாத்தா எங்கே என்று அவளே கேட்கக்கூடும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பிறகு அவள் போன் போடச் சொன்னால் போனை ஒளித்து வைக்காதீர்கள். அவள் கையிலேயே கொடுங்கள். அதில் உங்கள் அப்பாவின் படங்களும், பேத்திக்கு அனுப்பிய குரல் பதிவுகளும் இருக்கும். முதலில் எதைக் கேட்பது என்று அவளே சொல்லட்டும்.