கொன்சாலஸ் ஊர்ப்படை

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சஸில் மெக்சிகோ ராணுவம் நடத்திய அலமோ கோட்டை முற்றுகை பற்றிய கட்டுரையில், கொன்சாலஸ் ஊரிலிருந்து உதவிக்குப் போன 32 பேரை வீரர்கள் என்று எழுதியிருந்தீர்கள். சம்பளமில்லாத ஊர்க்காரர்களைப் படை என்று சொல்லலாமா? சாவு நிச்சயம் என்று தெரிந்தே போனது வீரமா, வெறியா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

படை என்று தாராளமாகச் சொல்லலாம். அன்று மெக்சிகோவின் பகுதியாக இருந்த டெக்சஸ் எல்லையில் ஓர் ஊருக்கு அதுதான் காவல். 1825-ல் குவாடலூப்பே ஆற்றங்கரையில் குடியேறிகள் அமைத்த ஊர் கொன்சாலஸ். பழங்குடிகள் தாக்கியதில் அடுத்த ஆண்டே காலியாகி, மறுபடி எழுந்தது. (அது பழங்குடிகளின் மண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) அரசு ராணுவம் இருந்த சான் அன்டோனியோ சுமார் 70 மைல் தள்ளி. அதனால்தான் 1831-ல் மெக்சிகோ அரசு தற்காப்புக்காக ஒரு சிறிய பீரங்கியைக் கொடுத்தது.

1835-ல் அதைத் திருப்பிக் கேட்டார்கள். மெக்சிகோ ராணுவ அதிகாரி காஸ்டன்யேடா 100 குதிரை வீரர்களோடு வந்தபோது எதிர்கொள்ள ஊரில் இருந்தவர்கள் 18 பேர். ஆற்றில் வெள்ளம். ஓடத்தையும் படகுகளையும் தங்கள் கரைக்கு இழுத்து மறைத்துவிட்டு, ஊர்த்தலைவர் வெளியூர் போயிருக்கிறார், வரட்டும் என்று இழுத்தடித்தார்கள். பீரங்கியை ஒரு பீச் பழத் தோட்டத்தில் புதைத்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் சேர்ந்ததும் ஓட்டெடுத்து ஜான் மூரைத் தளபதியாக்கினார்கள். அப்புறம், ‘வந்து எடுத்துக்கொள்’ என்று துணியில் எழுதிய கொடியோடு ஆற்றைக் கடந்து, அக்டோபர் 2 அன்று மோதினார்கள். எனக்கு இதில் பிடித்தது சண்டையைவிட அந்த 18 பேரின் சாமர்த்தியம்தான்.

அந்த மோதல் டெக்சஸ் கிளர்ச்சியாக வளர்ந்தது; அடுத்த ஆண்டு, சான் அன்டோனியோவின் அலமோ கோட்டையில் இருந்த கிளர்ச்சியாளர்களை மெக்சிகோ ராணுவம் முற்றுகையிட்டது. சரி, அந்த 32 பேர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் கிம்பிள் தொப்பி செய்பவர். அவருடைய தொழில் கூட்டாளி அல்மரோன் டிக்கின்சன் ஏற்கெனவே அலமோவுக்குள் இருந்தார். கோட்டைத் தளபதி டிராவிஸ் உதவி கேட்டு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்த ஆல்பர்ட் மார்ட்டினும் கொன்சாலஸ்காரரே; இவர்களோடு கோட்டைக்குத் திரும்பிப் போனார். வில்லியம் கிங்குக்கு வயது 15, அப்பாவுக்குப் பதிலாகப் போனவன் என்பார்கள். 1836 மார்ச் 1 அதிகாலையில் உள்ளே நுழைந்தார்கள். 6-ம் தேதி கோட்டை விழுந்தபோது மடிந்தார்கள்.

வெறி என்பதை நான் ஏற்க மாட்டேன். உள்ளே சிக்கியிருந்தவர்கள் அவர்களுக்கு முகம் தெரிந்தவர்கள். சாவு நிச்சயம் என்றும் அவர்கள் போகவில்லை. கோலியாட் என்ற ஊரிலிருந்து டெக்சஸ் தளபதி ஃபான்னின் பெரிய படையோடு வருவார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அவரோ கிளம்பி உடனே திரும்பிவிட்டார்.

என் வருத்தம் வேறு. ஊரைக் காக்கச் சேர்ந்த ஆண்கள் போனபின் ஊர் வெறுமையானது. அலமோவில் உயிர் தப்பிய டிக்கின்சனின் மனைவி சூசன்னா, கைக்குழந்தையோடு மார்ச் 13 அன்று கொன்சாலஸ் வந்து செய்தி சொன்னார். அங்கிருந்த டெக்சஸ் படைத் தளபதி ஹூஸ்டன் அன்றிரவே பின்வாங்கினார். எதிரிக்கு எதுவும் கிடைக்கக் கூடாதென்று ஊருக்குத் தீ வைத்தது ஹூஸ்டனின் ஆட்களே. கர்ப்பிணியான கிம்பிளின் மனைவி உட்பட, அன்றுதான் விதவையானதை அறிந்த பெண்கள் குழந்தைகளோடு கிழக்கே நடந்தார்கள். மழை, சேறு, நோய் என்று நீண்ட அந்த ஓட்டத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.