‘எக்கோஸ்’ பாடலின் நடுப்பகுதி குறித்து

வணக்கம் நண்பரே. ஆங்கிலேய ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘எக்கோஸ்’ பாடலை மூன்று முறை முயன்றும், நடுவில் வரும் ஓலத்தைத் தாங்க முடியாமல் நிறுத்திவிட்டதாகவும், இதை ஏன் இன்றும் கொண்டாடுகிறார்கள் என்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

1971-இல் வெளிவந்த ‘மெடில்’ இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைக்கும் இப்பாடல், குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பியானோவிலிருந்து, ஒலியைச் சுழற்றி அலையவைக்கும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியே நீர்த்துளிபோல் சொட்டும் ஒற்றைச் சுரத்தில் தொடங்குகிறது. நீங்கள் வெறுக்கும் அந்த ஓலமோ, கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர், கிட்டாரின் ஒலித்தன்மையைக் காலால் மாற்ற உதவும் தம் வா-வா பெடலை முன்பின்னாக மாற்றி இணைத்ததால் பிறந்தது. தொடக்கத்தில் எனக்கும் அது எரிச்சலையே தந்தது. ஆனால் தாளம் முற்றிலும் மறைந்து, நாம் எங்கிருக்கிறோம் என்பதே மறந்துபோகும் அந்தச் சில நிமிடங்களைக் கடந்தால்தான், ஏறத்தாழ பதினைந்தாம் நிமிடத்தில் அதே ஒற்றைச் சுரம் திரும்பி வரும்போது, நெடும்பயணம் முடிந்து வீட்டு விளக்கைக் கண்டதுபோல் மனம் நெகிழும். நடுப்பகுதியைக் கேட்காமல் தவிர்ப்பவருக்கு இந்த நெகிழ்ச்சி கிட்டாது.

ஒரே மூச்சில் கேட்க இயலாவிடில், பார்வையாளர் எவருமின்றிப் இத்தாலியின் பண்டைய ரோமானிய நகரமான பொம்பெயியின் இடிபாடுகளில் இக்குழுவினர் வாசித்த படப்பதிவைப் பாருங்கள். அதில் இப்பாடல் இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது.