அருங்காட்சியகத்தில் யாருடைய உடை? – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். வேலை நிமித்தம் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் தங்கியிருக்கிறேன். வார இறுதியில் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகச் சுற்றுவதுதான் பொழுதுபோக்கு. பல்கேரிய நாட்டுப்புற உடைகளைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டேன். சிவப்புக் கம்பளியில் அத்தனை நுணுக்கமான தையல் வேலை, இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளிக் கொக்கிகள். எடுத்த படங்களை அலுவலகத்தில் காட்டினேன். கர்ஜலி ஊர்க்காரர், வீட்டில் துருக்கி மொழி பேசுபவர், பார்த்துவிட்டு, “எல்லாம் அழகுதான். என் பாட்டி உடுத்தினது மட்டும் இதில் இருக்காது” என்றார்.

அப்புறம் ஒரு சின்ன ஊரில் சிறுபான்மையினர் பற்றிய கண்காட்சி நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தனி அறை. துருக்கியர் ஒரு பொம்மை, ஜிப்ஸிகள் என்று சொல்வார்களே அந்த ரோமா ஒரு பொம்மை, ஆர்மீனியர் ஒரு பொம்மை, கரகாச்சான் ஒரு பொம்மை. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி மாதிரி இருந்தது. எனக்கு ஒரே எரிச்சல். அவர்களும் அந்த நாட்டுக்காரர்கள்தானே? ஏன் எல்லாரோடும் சேர்த்து வைக்கக் கூடாது? தனி அறையே ஒரு ஒதுக்கல் இல்லையா? நீங்கள் அந்தப் பக்கம் போய்வந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

பின்குறிப்பு: ஜூனில் அம்மா வருகிறார். கசன்லக் ரோஜாத் திருவிழாவுக்குக் கூட்டிப்போகலாமா, இல்லை அது வெறும் சுற்றுலா நாடகமா?

ம., சோஃபியா

அன்புள்ள ம.,

அந்தத் தனி அறையைவிட எனக்கு உறுத்துவது அதற்கு முந்தைய பெரிய கூடம்தான். ‘பல்கேரிய உடை’ என்று பலகை வைத்த கூடத்தை நிதானமாகப் பார்த்தால், நீங்கள் தேடுகிற ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். துணியை வாங்கியவர், விற்றவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர், கல்யாணத்தில் வாசித்தவர் எல்லாரும் அந்தக் கூடத்துக்குள்தான். தனி அறையிலிருந்து யாரையும் அங்கே கொண்டுவர வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைப் பலகையில் எழுதினால் போதும்.

ஆண்களின் கறுப்பு உடையைப் பார்த்திருப்பீர்கள். இன்று மேடையில் ஆடுகிறவர்கள் பாதிப்பேர் அதைத்தான் போடுகிறார்கள். அகலமான கறுப்புக் கால்சட்டை, சிவப்பு இடுப்புப் பட்டை, விளிம்பெல்லாம் கறுப்புப் பின்னல் நாடா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கிராமத்து ஆண்கள் பெரும்பாலும் வெள்ளைக் கம்பளிதான் உடுத்தினார்கள். கறுப்பு, நகரத்து வியாபாரிகளிடமும் கைவினைஞர்களிடமும் தொடங்கிக் கிராமத்துக்கு இறங்கிய நாகரிகம். அன்று பல்கேரியாவை ஆண்ட துருக்கிய ஒட்டோமான் பேரரசின் நகரங்களில் முஸ்லிமும் கிறிஸ்தவரும் உடுத்திய அதே வெட்டு. அதாவது, தேசிய உடை என்று இன்று சொல்லப்படுவது அந்தக் காலத்துக் கடைத்தெரு உடை.

அந்த நாடாவுக்குக் கெய்தான் என்று பெயர். கப்ரோவோ ஊருக்கு வெளியே எதர் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1964இல் திறந்தது, ஒரு ஓடையை ஒட்டிய பட்டறைத் தெரு. அங்கே கெய்தான் பின்னும் பொறி இன்னும் ஓடுகிறது. வெளியே தண்ணீர்ச் சக்கரம், உள்ளே இடுப்பளவு உயரத்தில் வரிசையாக வட்டத் தட்டுகள். தட்டின் மேல் நிற்கும் நூல் கண்டுகள் ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி, இடம் மாறி மாறி ஓடுகின்றன. நடுவில் நாடா மெல்லிசாக வளர்ந்துகொண்டே போகிறது. சத்தம் காதைப் பிளக்கிறது. நான் அங்கே வெகுநேரம் நின்றுவிட்டேன், கூட வந்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். கிராமத்துப் பெண் விளக்கடியில் உட்கார்ந்து பின்னியது என்று நாம் நினைத்துக்கொள்ளும் பொருள் தண்ணீர் விசையில் மீட்டர் மீட்டராக ஓடி வந்தது, ஒட்டோமான் பேரரசு முழுக்க விற்பனைக்குப் போனது.

துணியின் கதையும் அதுவே. அபா என்ற முரட்டுக் கம்பளித் துணி. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிஸரி என்ற பழைய காலாட்படையைக் கலைத்துப் புதிய பாணியில் ராணுவம் அமைத்தபோது அவ்வளவு பேருக்கும் சீருடை தேவைப்பட்டது. பால்கன் மலையடிவார ஊர்களுக்கு அடித்தது யோகம். 1830களில் ஸ்லிவென் நகரில் தோப்ரி ஜெல்யாஸ்கோவ் என்பவர் நெசவாலை ஆரம்பித்தார், ஒட்டோமான் ராணுவத்துக்காகவே. பள்ளிக்கூடத்தில் ‘துருக்கிய நுகத்தடி’ என்று படிக்கும் காலத்தில்தான் இந்தப் பணமெல்லாம் வந்தது. இரண்டுமே உண்மை. நுகம் இருந்தது, வியாபாரமும் இருந்தது.

ப்ளோவ்திவ் இனவியல் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் போகாமல் இருந்திருக்க மாட்டீர்கள். வளைந்த முகப்பும் மரக்கூரை வேலையுமாக இருக்கும் அந்த மாளிகை, ஆர்கிர் குயும்ஜியோக்லு என்ற வணிகர் 1847இல் கட்டியது. பின்னாளில் அது பெண்கள் விடுதியாக, தொப்பித் தொழிற்கூடமாக, மாவுக் கிடங்காக எல்லாம் இருந்து, 1938இல்தான் அருங்காட்சியகம் அங்கே வந்தது. உள்ளே இருக்கும் பொம்மைகளைவிட அந்தக் கட்டடத்துக்கே கதை அதிகம்.

அதே பழைய நகரில் கொஞ்ச தூரத்தில் ஹிந்த்லியான் மாளிகை இருக்கிறது. ஸ்தெபான் ஹிந்த்லியான், ஆர்மீனியர். இந்தியாவோடு வியாபாரம் செய்ததால் அந்தக் குடும்பத்துக்கு வந்த பெயர் அது. 1830களில் கட்டிய வீடு. சுவரெல்லாம் கான்ஸ்டான்டிநோபிள், வெனிஸ், அலெக்சாந்திரியா என்று நகரக் காட்சிகள்; கூடத்தில் பன்னீர் வழிந்த சலவைக்கல் ஊற்று. ஆர்மீனியர் என்று ஒரு பொம்மையை மூலையில் நிறுத்திவைத்ததைப் பார்த்து எரிச்சல் பட்டீர்களே, அதற்கு மாற்று அந்த வீடுதான். வருகிறவர்கள் அவரைத் தனியாகப் பார்ப்பதில்லை. ஊரே அவர் வீட்டு வழியாகத் தெரிகிறது.

சரி, அப்படியானால் பெரிய கூடம் ஏன் இப்படி ஆனது? 1878இல் நாடு பிறந்தது. 1892இல் ப்ளோவ்திவில் முதல் விவசாய, தொழில் பொருட்காட்சி நடத்தினார்கள், அதில் நாட்டுப்புற உடைகளும் வைக்கப்பட்டன. சோஃபியா இனவியல் அருங்காட்சியகம் தனி நிறுவனமானது 1906இல், முதல் இயக்குநர் திமித்தர் மரினோவ். இப்போது அது பழைய அரண்மனையில் இருக்கிறது. அந்த அரண்மனைக்கும் முன்பு அங்கே இருந்தது துருக்கிய ஆட்சியாளரின் மாளிகை. புதிய நாட்டுக்கு ஒரு தேவை இருந்தது: நாம் பலவாக இருந்தாலும் ஒரே மக்கள் என்று காட்ட வேண்டும். டான்யூப் கரையில் முன்னும் பின்னும் இரண்டு ஏப்ரன் கட்டும் பெண், மேற்கிலும் நடுவிலும் தலைவழியாகப் போடும் சுக்மான், தெற்கில் முன்புறம் திறந்த சாயா. வரைபடத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் உடை. நல்ல உழைப்பு அது, நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் சேர்க்காமல் விட்டிருந்தால் பாதி இன்று இருந்திருக்காது. ஆனால் அப்படி ஒரு வரைபடம் போட்டால் ஷல்வாரிக்கு அதில் இடம் கிடையாது. உங்கள் சக ஊழியரின் பாட்டி உடுத்தியது அதுவாகத்தான் இருக்கும், பூப்போட்ட தொளதொளப்பான கால்சட்டை.

அருங்காட்சியகம் அந்த ஷல்வாரியைச் சேர்க்காமல் விட்டதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தெருவிலும் விடவில்லை. 1950களின் இறுதியிலேயே கம்யூனிஸ்ட் அரசு முக்காட்டையும் ஷல்வாரியையும் எதிர்த்துப் பிரச்சாரம் தொடங்கியது. 1984 குளிர்காலத்தில் தொதோர் ஷிவ்கோவ் ஆட்சி துருக்கியர்களின் பெயர்களையே மாற்ற ஆரம்பித்தது, சில மாதங்களில் எட்டு லட்சம் பேருக்கு மேல். பொது இடத்தில் துருக்கி மொழி பேசினால் அபராதம். ஷல்வாரிக்குத் தடை. நீங்கள் உண்மையில் துருக்கியரே அல்ல, மதம் மாற்றப்பட்ட பல்கேரியர் என்று நிரூபிக்க வரலாற்றாளர்களும் இனவியலாளர்களும் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். உடையைப் பேணுவதற்கென்றே இருக்கும் துறை அது. 1989 கோடையில் சுமார் 3,60,000 பேர் துருக்கி எல்லையைத் தாண்டிப் போனார்கள், கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிறகு திரும்பி வந்தார்கள்.

இதனால்தான் தனி அறையைக் கண்டு எனக்குக் கோபம் வருவதில்லை. உங்கள் நண்பரின் பாட்டி வீதியில் உடுத்த முடியாதிருந்த ஒன்று இன்று அரசுக் கட்டடத்தில், அதற்குரிய பெயரோடு நிற்கிறது என்றால், அது பொம்மையே ஆனாலும் பெரிய மாற்றம். எனக்கிருக்கும் புகார் வேறு: அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் 1984 என்ற ஆண்டு இருந்ததா? இல்லையென்றால் அது வெறும் துணி.

கர்ஜலிக்கு ஒரு நடை போய்வாருங்கள். அந்த வட்டார அருங்காட்சியகக் கட்டடம் 1920களில் அங்குள்ள முஸ்லிம்களின் மதரஸாவுக்காகக் கட்ட ஆரம்பித்தது. வரைந்தவர் பொமரான்த்செவ் என்ற ரஷ்யக் கட்டடக் கலைஞர், சோஃபியாவில் நீங்கள் தினம் பார்க்கிற அலெக்சாந்தர் நெவ்ஸ்கி தேவாலயத்தை வரைந்த அதே ஆள். பள்ளியாக அது நடந்ததே இல்லை.

பொமாக்குகளின் கதை இன்னும் வினோதம். ரொடோப்பி மலையில் வாழும், பல்கேரிய மொழி பேசும் முஸ்லிம்கள். அவர்களுடைய ஏப்ரனும் நெசவும் பக்கத்துக் கிறிஸ்தவ கிராமத்துடையதோடு நெருங்கிய உறவுள்ளவை. அதனால் உடையை ‘நம்முடையது’ என்று ஏற்றுக்கொள்வதில் சிரமம் இல்லை. ஆளைத்தான் திருத்தப் பார்த்தார்கள். 1912-13, 1942, 1970களின் தொடக்கம் என்று ஒரே நூற்றாண்டில் திரும்பத் திரும்பப் பெயர்களை மாற்றினார்கள். இன்று ரிப்னோவோ கிராமத்தில் குளிர்காலக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் முகத்தில் வெள்ளைப் பூச்சை அப்பி, ஜிகினாப் பொட்டுகளால் கோலம் போடுகிறார்கள். சீர்வரிசையை, மெத்தை போர்வை உட்பட, வீட்டுக்கு வெளியே மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் மொய்க்கிறார்கள். அழைப்பில்லாமல் நீங்கள் கேமராவோடு போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கரகாச்சான் பொம்மை விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். கிரேக்க மொழி பேசும் இடையர்கள், கோடையில் மலைக்கும் குளிரில் கடலோரச் சமவெளிக்கும் மந்தையோடு போய்வந்தவர்கள். பெண்களின் உடை கனத்த கறுப்புக் கம்பளி, மேலே வெள்ளையில் கோணல் கோடுகளும் சிலுவைகளும். 1950களில் அரசு மந்தைகளை எடுத்துக்கொண்டு அவர்களை ஊர்களில் உட்காரவைத்தது. ஆடு போனதும் உடை பெட்டிக்குள் போனது. ஆட்டைச் சொல்லாமல் அந்த உடையை மட்டும் நிறுத்திவைத்தால் பார்க்கிறவருக்கு என்ன புரியும்?

ரோமாக்களுக்கு ஒரு பொம்மை வைத்ததுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பேன். செப்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர்கள் அவர்களில் ஒரு பிரிவினர். தென்மேற்குப் பல்கேரியாவில் கல்யாணத்துக்கும் முகமூடி ஆட்டத்துக்கும் சுர்னா என்ற நாதஸ்வரம் மாதிரியான குழலை ஊதுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே. கிளாரினெட் கலைஞர் இவோ பபாசோவ் கர்ஜலிக்காரர், துருக்கிய ரோமா குடும்பம். எண்பதுகளில் துருக்கி இசை வாசித்ததற்காகச் சிறையில் அடைத்தார்கள். அவர் வாசித்தது பல்கேரியக் கல்யாணங்களில்தான். ‘பல்கேரியத் திருமணம்’ என்று மணமகள் உடையை வைக்கும் அறையில் ஒரு சுர்னாவையும் வைத்து, ஊதியவர் யார் என்று ஒரு வரி எழுதினால் போதும், தனியாக ரோமா பொம்மையே வேண்டாம்.

ரோஜாத் திருவிழாவுக்கு அம்மாவை தாராளமாகக் கூட்டிப்போங்கள். 1903இலிருந்து நடக்கிறது, ஜூன் முதல் வாரக் கடைசி ஊரே களைகட்டும். கொக்கி மாட்டிய சுக்மானில் பெண்கள் கூடையோடு நின்று பூப்பறித்துக் காட்டுவார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும். நிஜப் பறிப்பு வேறு வயல்களில், விடியற்காலையில் நடக்கும். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்றரை டன் வரை பூ வேண்டும், வெயில் ஏறினால் வாசம் போய்விடும். பறிப்பவர்கள் இப்போது பெரும்பாலும் ரோமாக்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி, உடை பழைய டிராக் சூட். ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்கி, வயல்காரரிடம் கேட்டுவிட்டு ஐந்து மணிக்கு அங்கே நில்லுங்கள். ஊர்வலத்துக்குத் திரும்பி வர நேரம் இருக்கும்.