வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் பழைய எஞ்சின் வாங்கினால் ஜிஎஸ்டியை (பொருள், சேவை வரியை) எந்தத் தொகைக்குப் போடுவார்கள்?

சிஐஎஃப் மதிப்புக்கு. அதாவது பொருளின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த தொகைக்கு. இங்கிலாந்திலிருந்து வரும் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் 5,000 வெள்ளி, கூலியும் காப்புறுதியும் 1,000 என்றால், 6,000க்கு 9%, ஆக 540 வெள்ளி. ஏன்? ஜிஎஸ்டி சிங்கப்பூரில் பயன்படுத்தும் பொருளுக்கான வரி, அது இங்கே வந்து சேர ஆன செலவும் அதன் மதிப்பில் அடக்கம். உணவகத்தில் சாப்பாட்டு விலையோடு சேவைக் கட்டணத்தைச் சேர்த்த பிறகுதானே ஜிஎஸ்டி போடுகிறார்கள், அதே கதைதான்.

அப்புறம், கப்பலில் ஏற்றும் முன் எஞ்சினிலுள்ள பெட்ரோலையும் எண்ணெயையும் முழுக்க வடித்துவிடச் சொல்லுங்கள், எரிபொருள் மிச்சமிருந்தால் அதை ஆபத்தான சரக்காகக் கருதுவார்கள்.

ஐம்பது வருஷப் பழசுக்கு வரி கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். பழசு என்பதற்காக ஜிஎஸ்டியில் விலக்கு இல்லை.