தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களுக்கு வரும் 'பர்ன்அவுட்' என்பது என்ன?

தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, கூடவே வேலையிலும் பிள்ளையிடமும் மனம் ஒட்டாமல் போவது: இதுதான் பர்ன்அவுட். தனித் தந்தைக்கு ஆபீஸ் முடிந்ததும் அடுத்த ஷிப்ட் தொடங்கிவிடுகிறது. டிபன் பாக்ஸ் கழுவ வேண்டும், வீட்டுப்பாடம், நடுராத்திரியில் காய்ச்சல் வந்தாலும் அவர்தான். மாற்றிவிட ஆளில்லை. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரி முழுதாக ஏறுவதற்குள் மறுபடி இறங்குமே, அந்த நிலை. உதவி கேட்கவும் பல ஆண்களுக்கு வாய் வராது (வளர்த்த விதம் அப்படி). மத்திய அரசு ஊழியரென்றால் ஒரு வழி உண்டு: 2018 முதல் தனித் தந்தையரும் பணிக்காலத்தில் 730 நாள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். தனியார் வேலையில் பெரும்பாலும் கிடையாது.

அப்புறம், 'ரெண்டு நாள் லீவு போட்டால் சரியாகிவிடும்' என்பார்கள். திரும்பி வந்ததும் அதே சுமை காத்திருந்தால் ஆகாது, அதில் ஒரு பங்கை வேறொருவர் எடுத்தாக வேண்டும்.