ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணா அது கல்யாணம் இல்லையா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 26 வயசு. சொந்த ஊரு குடியாத்தம். வேலூர்ல லேப் டெக்னீஷியனா இருக்கேன், ரெண்டு வருஷமா சத்துவாச்சாரியில தோழிங்களோட வாடகை வீட்ல தங்கியிருக்கேன். நான் இந்து, நான் கட்டிக்கப்போறவரு கிறிஸ்டியன், அரக்கோணத்துல அவங்க அம்மா அப்பாவோட இருக்காரு, வயசு 29. ரெண்டு வீட்லயும் ஒருவழியா ஒத்துகினாங்க, ஆனா கோயில்லயா சர்ச்லயான்னு ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயல. ரெண்டுமே வேணாம், தை மாசத்துல அரசாங்க முறையில பண்ணிக்கலாம்னு நாங்க முடிவு பண்ணிட்டோம். என் கூட படிச்சவ ஒருத்தி நெதர்லாந்துல இருக்கா, அவளுக்கு அந்த ஊரு நகராட்சியே கல்யாணம் பண்ணி வெச்சாங்களாம். நம்ம வேலூர் மாநகராட்சியில அப்படி உண்டா? ஒரே நாள்ல முடியுமா? எங்க நைனா, ரெஜிஸ்டர் ஆபீஸ் போறது ஓடிப்போனவங்க பண்ற வேலைன்னு சொல்றாரு. எங்க ஆயா, கையெழுத்து போட்டா அது என்னா கல்யாணம்னு அழுதுகினே இருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? - குடியாத்தம் வாசகி

பதில்: அன்பு தங்கச்சிக்கு, உங்க லெட்டர படிச்சதும் முதல்ல ஆயாவ நெனச்சிதான் மனசு கஷ்டமாச்சு. அவங்களுக்கு சொல்ல வேண்டிய பதில் சட்டத்துலயே இருக்கு, அதுக்கு வர்றதுக்கு முன்னாடி மத்தத சொல்லிடறேன்.

வேலூர் மாநகராட்சியோ குடியாத்தம் நகராட்சியோ கல்யாணம் பண்ணி வெக்காது. பொறப்பு, இறப்பு பதிவுதான் அவங்க வேலை, மிஞ்சிப்போனா சமுதாயக்கூடத்த வாடகைக்கு கேக்கலாம். நெதர்லாந்துல நகராட்சியில நடக்கறதுதான் சட்டப்படி கல்யாணம், ரெண்டு வாரம் முன்னாடியாவது தெரிவிக்கணும், சாட்சி குறைஞ்சது ரெண்டு பேரு, சர்ச்சு கல்யாணம் பண்ணணும்னாலும் அது முடிஞ்சப்புறம்தான் பண்ணணும். நம்ம ஊர்ல இந்த வேலைய செய்யறது சார்பதிவாளர் ஆபீஸ், அதாங்க நம்ம நைனா தாத்தாங்க வீடு நெலம் வாங்கி பத்திரம் பண்ண போவாங்களே அந்த பத்திர ஆபீஸ்தான். அங்க இருக்கற சார்பதிவாளர்தான் திருமண அலுவலர். 1954ல வந்த சிறப்புத் திருமணச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, வேற வேற மதத்துக்காரங்க யாரும் மதம் மாறாம கட்டிக்கறதுக்குன்னே இருக்கற சட்டம். உங்களுக்கு அதுதான்.

ஒரே நாள்ல முடியாது. இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, ஆபீஸ் வாசல்ல "இன்னைக்கே சர்டிபிகேட் வாங்கி தரேன்"னு சொல்ற ஆளுங்க எப்பவும் இருப்பாங்க. அவங்க என்ன பண்ணுவாங்கன்னா, ஏதாவது ஒரு கோயில்ல தாலி கட்டவெச்சி இந்து திருமணச் சட்டத்துல பதிவு போட்டுடுவாங்க, இல்ல ஒருத்தர பேருக்கு மதம் மாத்தி ஒரு பேப்பர் ரெடி பண்ணுவாங்க. 1955ல வந்த இந்து திருமணச் சட்டம் ரெண்டு பேருமே இந்துவா இருந்தாதான் பொருந்தும் (பௌத்தம், சமணம், சீக்கியமும் அதுல அடங்கும்). உங்க வருங்கால வீட்டுக்காரரு கிறிஸ்டியனா இருக்கறப்ப அந்த சர்டிபிகேட்டு நாளைக்கு கோர்ட்ல நிக்காது. சர்டிபிகேட் மட்டுமே ஒரு கல்யாணத்த செல்லுபடி ஆக்கிடாது, சட்டம் கேக்கற மாதிரி கல்யாணம் நடந்திருக்கணும்னு 2024ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. பத்து வருஷம் கழிச்சி ஒரு வெளிநாட்டு விசாவுக்கோ, சொத்து விஷயத்துக்கோ, கடவுளே அப்படி ஒண்ணும் வேணாம், ஒரு பென்ஷனுக்கோ போய் நிக்கறப்ப "உங்க கல்யாணமே செல்லாது"ன்னு ஒருத்தன் சொன்னா அந்த பொண்ணோட நெலம என்ன ஆவும்? அதனால அந்த குறுக்கு வழி வேணவே வேணாம் தங்கச்சி.

சரி, நேர் வழி எப்படின்னு பாப்போம். முதல்ல, நாங்க கட்டிக்கப்போறோம்னு திருமண அலுவலருக்கு எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த நோட்டீஸ் குடுக்கறதுக்கு முன்னாடி 30 நாளாவது அந்த திருமண அலுவலரோட எல்லைக்குள்ள குடியிருந்திருக்கணும். நீங்க சத்துவாச்சாரியில இருக்கீங்க, அதனால வேலூர்ல குடுக்கலாம், ஆனா உங்க ஆதார் குடியாத்தம் அட்ரஸ்லதான இருக்கும்? அப்போ வாடகை ஒப்பந்தமோ, அட்ரஸ் மாத்துன ஆதாரோ கையில வேணும், எது போதும்னு முன்னாடியே நேர்ல போய் கேட்டுக்கங்க. இல்லன்னா அவரு அவங்க வீட்லயே இருக்கறதால அரக்கோணத்துல குடுக்கறது சுலபம், உங்க சொந்தக்காரங்க குடியாத்தத்துல ரயில் ஏறுனா காட்பாடி வழியா நேரா அரக்கோணம் வந்துடலாம். 2019ல மாவட்டத்த மூணா பிரிச்சதுல அரக்கோணம் ராணிப்பேட்டைக்கு போயிடுச்சு, குடியாத்தம் வேலூர்லயே இருக்கு, அதனால மாவட்டத்த வெச்சி கணக்கு போடாதீங்க, நீங்க இருக்கற தெரு எந்த சார்பதிவாளர் ஆபீசுக்கு வருதுன்னு பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் வெப்சைட்ல பாத்துட்டு போங்க. விண்ணப்பமும் அதுலயே பூர்த்தி பண்ணலாம்.

நோட்டீஸ் குடுத்ததும் அத ஆபீஸ்ல எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டுவாங்க. இதுல உங்களுக்கு தெரியாத ஒரு விஷயம் இருக்கும்னு நெனக்கிறேன். அந்த எல்லையில நிரந்தரமா குடியிருக்காதவங்களோட சொந்த ஊரு ஆபீசுக்கும் ஒரு காப்பி போவும், அங்கயும் ஒட்டுவாங்க. அதாவது நீங்க எங்க குடுத்தாலும் குடியாத்தம் பத்திர ஆபீஸ்லயும் உங்க பேரு போர்டுல இருக்கும்னு வெச்சிக்கங்க. உங்க நைனாவ தெரிஞ்ச யாராவது ஒருத்தரு அன்னைக்கி அங்க பத்திரம் பண்ண வந்திருப்பாரு, பாத்துட்டு சாயங்காலம் டீக்கடையில அவருகிட்ட கேப்பாரு. அந்த கேள்வி அவருக்கு திடீர்னு வரக்கூடாது. நோட்டீஸ் குடுக்கற நாளு, எங்க ஒட்டுவாங்க, எத்தினி நாளு இருக்கும், எல்லாத்தையும் முன்னாடியே அவருகிட்ட உக்காந்து சொல்லிடுங்க, முடிஞ்சா நோட்டீஸ் குடுக்க அவரையே கூட்டிகினு போங்க.

ஓடிப்போனவங்க பண்ற கல்யாணம்னு சொல்றாரே, அவருக்கு இதையே பதிலா சொல்லலாம். ரெண்டு மூணு ஊருக்கு தெரியறாப்ல பேரு போட்டு ஒட்டி, யாருக்காவது ஆட்சேபம் இருந்தா வந்து சொல்லுங்கன்னு ஒரு மாசம் காத்திருந்து பண்ற கல்யாணம் எப்படிங்க ஓடிப்போன கல்யாணம் ஆவும்? உங்க மாமியார் வீட்லயும் இது புரியும், சர்ச்ல கல்யாணத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு ஓலை வாசிப்பாங்கல்ல, கிட்டத்தட்ட அதே விஷயம்தான்.

ஆட்சேபம்னா யாரு வேணா எத வேணா சொல்லிட முடியாது. ஆணுக்கு 21, பொண்ணுக்கு 18 முடிஞ்சிருக்கா, யாருக்காவது ஏற்கனவே உயிரோட இருக்கற கணவனோ மனைவியோ இருக்காங்களா, சம்மதம் சொல்ற மனநிலையில இருக்காங்களா, கட்டிக்கக்கூடாத நெருங்குன உறவா, இவ்ளோதான் சட்டம் பாக்கும். பெரியப்பாவுக்கு புடிக்கல, ஜாதி வேற, மதம் வேற, இதெல்லாம் ஆட்சேபமே இல்ல. வேணும்னே தொந்தரவு குடுக்க பொய்யா ஆட்சேபம் போட்டா அவங்களுக்கே 1000 ரூபா வரைக்கும் செலவுத்தொகை போட அலுவலருக்கு அதிகாரம் இருக்கு. நோட்டீச ஒட்டறது கட்டாயம் இல்லன்னு 2021ல அலகாபாத் ஐகோர்ட்டு சொன்னத யாராவது வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, அது உத்தரப்பிரதேசத்து தீர்ப்பு, அத நம்பி இங்க பிளான் போடாதீங்க.

இத படிக்கறவங்கள்ல வீட்ல ஒத்துக்காத பொண்ணுங்களும் இருப்பீங்க. உங்களுக்கு அந்த போர்டு நெஜமாவே பயம் குடுக்கும்னு எனக்கு தெரியும். இப்படிப்பட்ட ஜோடிங்களுக்கு போலீஸ் பாதுகாப்பு குடுக்கணும், மாவட்டத்துக்கு மாவட்டம் அதுக்குன்னு தனிப்பிரிவு வெக்கணும்னு 2018ல சுப்ரீம் கோர்ட் உத்தரவே போட்டிருக்கு. நோட்டீஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு வக்கீல பாத்து எழுத்துல மனு குடுத்து வைங்க, அவசரம்னா பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணுங்க.

இப்போ தேதி கணக்கு. நோட்டீஸ் ஒட்டுன தேதியிலேந்து 30 நாளு முடியணும், அதே சமயம் நோட்டீஸ் குடுத்த தேதியிலேந்து 3 மாசத்துக்குள்ள கல்யாணம் நடந்துடணும், தாண்டிட்டா திரும்பவும் மொதல்லேந்து நோட்டீஸ். அதனால உங்க கைக்கு கெடைக்கறது கிட்டத்தட்ட ரெண்டு மாசம்தான். நீங்க தை மாசம் கேக்கறீங்க. கார்த்திகை கடைசியில, ஒரு டிசம்பர் 10ம் தேதி வாக்குல குடுத்தீங்கன்னா மார்கழி முழுக்க நோட்டீஸ் போர்டுல இருக்கும், எப்படியும் மார்கழியில யாரும் நல்ல காரியம் பண்ணமாட்டாங்க, பொங்கல் வர்றதுக்குள்ள 30 நாள் முடிஞ்சிடும், தை மாசம் முழுக்க உங்களுது. அந்த 30 நாளு தாண்டுறதுக்குள்ள மண்டபத்துக்கு பெரிய அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

பேப்பர் விஷயம் சுருக்கமா சொல்றேன். வயசுக்கு பொறப்பு சர்டிபிகேட்டோ பத்தாவது மார்க்‌ஷீட்டோ, அட்ரஸ் ப்ரூப், அடையாள அட்டை, போட்டோ, எல்லாத்துக்கும் ஒரிஜினல், அப்புறம் 3 சாட்சி, அவங்களோட ஆதார். எங்க சின்னம்மா பொண்ணு கல்யாணத்துல ஒரு சாட்சி ஜெராக்ஸ் மட்டும் எடுத்துகினு வந்துட்டாரு, ஒரிஜினல் எடுத்துகினு வாங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, பட்டுப்பொடவையோட அந்த பொண்ணு மத்தியானம் வரைக்கும் வெயில்ல நின்னா, இன்னைக்கும் எனக்கு அது கண்ணுல இருக்கு. அதே மாதிரி பேரு எழுத்து. ஆதார்ல ஒரு மாதிரி, மார்க்‌ஷீட்ல ஒரு மாதிரி, இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறி இருந்தா இப்பவே சரி பண்ணிடுங்க. சர்டிபிகேட்ல தப்பா ஏறிட்டா அப்புறம் அலையறது நீங்கதான்.

இன்னும் ரெண்டு விஷயம். இந்த சட்டத்துல பண்ணா, வேற மதத்துக்காரர கட்டிக்கற இந்துவ கூட்டுக்குடும்பத்துலேந்து பாகம் பிரிஞ்ச மாதிரி எடுத்துக்கும், உங்க சொத்துக்கு வாரிசு கணக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பாப்பாங்க. அதுக்காக நைனா வீட்ல உங்க உரிமை போயிடாது, யாராவது அப்படி சொல்லி பயமுறுத்துனா நம்பாதீங்க. இன்னொண்ணு, உங்க மாமியாருக்கு சர்ச்தான் வேணும்னா 1872ம் வருஷத்து கிறிஸ்தவ திருமணச் சட்டப்படி ஒருத்தர் கிறிஸ்டியனா இருந்தாலே போதும், மதம் மாறணும்னு அந்த சட்டம் கேக்கல, ஆனா அந்தந்த சபைக்கு ஒரு விதி இருக்கும், பாதிரியார கேட்டுக்கணும். தமிழ்நாட்டுல 2009லேந்து எந்த முறையில கல்யாணம் நடந்தாலும் 90 நாளுக்குள்ள பதிவு பண்ணணும், தவறுனா கூடுதல் கட்டணத்தோட இன்னும் 60 நாளு.

(இதே கேள்விய ரெண்டு பேரும் இந்துவா இருக்கற ஜோடிங்களும் கேக்கறீங்க. உங்களுக்கு 30 நாள் காத்திருக்கற வேலையே இல்ல. 1967ல அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப கொண்டுவந்த சுயமரியாதை திருமணச் சட்டம் இருக்கு, ஐயரும் வேணாம் மந்திரமும் வேணாம், சொந்தக்காரங்களோ நண்பருங்களோ முன்னாடி மாலை மாத்திக்கறதோ மோதிரம் போடறதோ தாலி கட்டறதோ, இல்ல ஏத்துக்கறேன்னு வாயால சொல்றதோ, ஏதாவது ஒண்ணு போதும். ஊரையே கூட்டி பண்ணணும்னு அவசியம் இல்லன்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.)

இப்போ ஆயா விஷயத்துக்கு வரேன். கையெழுத்து மட்டும்தான் கல்யாணம்னு யாரு சொன்னா? சிறப்புத் திருமணச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, நீங்க எந்த முறையில வேணா பண்ணிக்கலாம், ஆனா அலுவலரும் 3 சாட்சியும் கேக்க, உங்களுக்கு புரியற மொழியில, நீ என்னோட சட்டப்படியான கணவன்னு ஏத்துக்கறேன், மனைவின்னு ஏத்துக்கறேன்னு ரெண்டு பேரும் வாயத்தொறந்து சொல்லணும். அதுதான் அங்க கல்யாணம், அத தமிழ்லயே சொல்லலாம். சொல்லிட்டு அதே எடத்துல தாலி கட்டலாம், மோதிரம் மாத்திக்கலாம், மல்லிப்பூ மாலை போட்டுக்கலாம். நாம எத்தினி கல்யாணம் பாத்திருப்போம், புரியாத மந்திரத்துக்கு தலைய குனிஞ்சிகினு உக்காந்திருக்கற பொண்ணதான பாத்திருக்கோம், இங்க உங்க கொரலு கேக்கும், ஆயா காதுல விழும்.

ஆபீஸ் வாணாம்னு தோணுனா, கூடுதல் கட்டணம் கட்டி பக்கத்துல ஒரு எடத்துல அலுவலர் வந்து நடத்தி வெக்கவும் அந்த சட்டத்துல வழி இருக்கு, நோட்டீஸ் குடுக்கற அன்னைக்கே கேட்டு பாருங்க, ஆனா கூட்டமான ஆபீஸ்ல அவங்க வேலைய பொறுத்துதான் நடக்கும், அதனால அத மட்டுமே நம்பி பத்திரிகை அடிச்சிடாதீங்க. நானா இருந்தா காலையில ஆபீஸ்ல தாலியோட முடிச்சிட்டு, மத்தியானம் ஒரு சின்ன ஹால்ல பிரியாணியும் கத்திரிக்கா தொக்கும் போட்டு ரெண்டு வீட்டு சனத்தையும் ஒண்ணா ஒக்கார வெப்பேன். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு ஆயாவோடயும், ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு மாமியாரோடயும் போய்ட்டு வாங்க. கல்யாணம் ஏற்கனவே முடிஞ்சிருக்கும், அங்க போறது கும்புடறதுக்கு, அதுல யாருக்கும் சண்டை வராது.

அப்புறம் அந்த 3 சாட்சி யாருன்னு யோசிச்சீங்களா? நண்பருங்களையே மூணு பேரையும் போட்டுடாதீங்க. அவங்க வீட்லேந்து மாமியார ஒண்ணா போடுங்க, உங்க வீட்லேந்து நைனா ஒண்ணு. மூணாவது ஆயா. தாலி கட்டறப்ப அவங்க பின்னாடி கூட்டத்துல நிக்கக்கூடாது, மேசைக்கு பக்கத்துல ஒரு சேர் கேட்டு வாங்கி போடுங்க, அவங்க ஆதார் எங்க இருக்குன்னு இந்த வாரமே தேடி எடுத்து வைங்க.