எக்காளம் ஏந்திய தூதர்கள்

கேள்வி: வேதாகமத்தின் கடைசிப் புத்தகமாகிய வெளிப்படுத்தின விசேஷத்தில் தூதர்கள் எக்காளம் ஊதும்போதெல்லாம் பூமியின்மேல் வாதை வருகிறது. அப்படியானால் எக்காளம் தேவகோபத்தின் அடையாளம் மட்டும்தானா? கடைசி எக்காளத்தைக் காபிரியேல் தூதன் ஊதுவார் என்று சொல்கிறார்களே, அதற்கு வேத ஆதாரம் உண்டா?

பதில்: இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர் எண்ணாகமம் 10-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குவது நல்லது. வெள்ளியை அடித்து இரண்டு பூரிகைகள், அதாவது எக்காளங்கள், செய்யும்படி மோசேக்குக் கட்டளை பிறக்கிறது. இரண்டையும் ஊதினால் சபை முழுவதும் ஆசரிப்புக் கூடார வாசலில் கூடவேண்டும். ஒன்றை மட்டும் ஊதினால் தலைவர்கள் வரவேண்டும். பெருந்தொனியாய் முழங்கினால் பாளயம் புறப்படவேண்டும். யுத்த நாளில் அதே ஓசை, ஜனங்களைக் கர்த்தர் நினைவுகூரும்படி எழும்பியது. ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி ஆண்டில் தேசமெங்கும் விடுதலையை அறிவித்ததும் எக்காளமே (லேவியராகமம் 25). ஆகவே அது முதலாவது ஓர் அழைப்பு. கேட்டவர் இருந்த இடத்திலேயே இருந்துவிட முடியாது.

பூரிகைகளை ஊதும் உரிமை ஆரோனின் குமாரராகிய ஆசாரியர்களுக்கு இருந்தது. கி.பி. 70-இல் எருசலேம் தேவாலயம் ரோமப் படையால் அழிக்கப்பட்டது. அந்த வெற்றியின் நினைவாக ரோமில் இன்றும் நிற்கும் டைட்டஸ் வளைவின் சிற்பத்தில், வீரர்கள் கொள்ளைப் பொருட்களாகத் தூக்கிச் செல்பவற்றுள் குத்துவிளக்கோடு நீண்ட எக்காளங்களையும் காணலாம். யோவானின் தரிசனமாகிய வெளிப்படுத்தின விசேஷம் அந்த நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ கி.பி. 95-இல் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதை மனதில் வைத்து 8-ஆம் அதிகாரத்தைப் படித்தால், தூதர்கள் நிற்பது ஆசாரியர்களின் இடத்தில் என்பது விளங்கும். பரலோகத்தில் ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதி உண்டாகிறது. வேறொரு தூதன் பொன் தூபகலசத்தோடு பலிபீடத்தருகே நிற்க, பரிசுத்தவான்களின் ஜெபங்களோடு தூபவர்க்கத்தின் புகை எழும்புகிறது. அதன்பின்பே முதல் எக்காளம் ஊதப்படுகிறது. அந்த ஜெபங்களுக்குக் கிடைக்கும் மறுமொழியாகவே நான் எக்காளங்களைப் புரிந்துகொள்கிறேன். மேலும், எக்காளங்கள் தூதர்களுக்குக் ‘கொடுக்கப்பட்டன’ என்றே யோவான் எழுதுகிறார். அவர்கள் தாங்களாக எதையும் தொடங்குவதில்லை.

வாதைகள் கொடியவை என்பதில் ஐயமில்லை. கல்மழை, இரத்தமாகும் கடல், இருள், வெட்டுக்கிளி ஆகியவை எகிப்தின் வாதைகளையே நினைவூட்டுகின்றன. ஆயினும் முதல் நான்கு எக்காளங்களிலும் திரும்பத் திரும்ப வருகிற அளவு மூன்றில் ஒரு பங்கு என்பதே. முழு அழிவு நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆறாம் எக்காளத்துக்குப் பின், மீந்திருந்த மனுஷர் மனந்திரும்பவில்லை என்று 9-ஆம் அதிகாரம் துக்கத்தோடு முடிவதால், இந்த எச்சரிப்பின் நோக்கம் மனந்திரும்புதலே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏழாம் எக்காளத்திலோ உலகத்தின் ராஜ்யங்கள் கர்த்தருக்கு உரியவையாயின என்ற கெம்பீர சத்தம் கேட்கிறது (11:15).

காபிரியேல் தானியேல் புத்தகத்திலும் லூக்கா சுவிசேஷத்திலும் பெயரோடு வருகிறார். இரண்டிலும் அவர் கையில் எக்காளம் இல்லை. 1 தெசலோனிக்கேயர் 4:16 பிரதான தூதனுடைய சத்தத்தையும் தேவ எக்காளத்தையும் சேர்த்துச் சொன்னாலும், தூதனின் பெயரைக் குறிப்பிடவில்லை. காபிரியேலை எக்காளத்தோடு இணைத்தது பிற்கால மரபு.